ஆறு எஞ்சின்களும் மும்தாஜின் ஒரு வரியும்

1. எல்லாம் ஒரே கை

ஒரே வாரத்தில் ஆறு எஞ்சின்கள் திரும்பி வந்தன. ஆறிலும் ஒரே கோளாறு. கனெக்டிங் ராடின் பெரிய பக்கத்து பேரிங் சூடேறிப் பிடித்துக்கொண்டு, கிராங்க் ஷாஃப்ட் நீலம் பூத்துக் கிடந்தது. ஃபைபர் படகுகளின் பின்னால் நீளத் தண்டும் அதன் முனையில் விசிறியுமாகத் தொங்குமே, அந்த ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டிய தொழிற்பேட்டையில் அதைக் கடைந்து, பூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புகிற கம்பெனியில்தான் நான் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன்.

என் வேலையை வெளியாருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஐ.டி.ஐ. ஃபிட்டராகச் சேர்ந்தவன். கம்ப்யூட்டரை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிசைன் ரூமில் ஆள் இல்லாத சீட்டில் உட்கார்ந்து, எதையாவது அழுத்தி, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். இப்போது எங்கள் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் கணினிக்குள் ஒரு இரட்டை உண்டு. எந்த வார்ப்பில் பிறந்தது, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கினோம், எந்த டீலருக்குப் போனது, எப்போது ரிப்பேருக்கு வந்தது, கடைசியில் காயலான் கடைக்குப் போகிறவரை எல்லாம் அதில் ஏறும். அந்த ரெக்கார்டுகளுக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் கேன்டீனில் தோசை ஊற்றுகிற அண்ணன் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "ஏழுமலைக்கு இன்னா வேலைன்ற? எஞ்சினுக்கு ஜாதகம் எழுதுறாரு. ஒரு எஞ்சினுக்கும் கல்யாணம் பேசி முடிச்சதில்ல."

யார் எதை ருசியாகச் சொன்னாலும் எழுதிவைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. டைரியின் பின்பக்கங்கள் முழுக்க அப்படிப்பட்ட பேச்சுகள்தான். இந்தச் சம்பவத்தை எழுதுவதற்கும் அந்தப் பக்கங்கள்தான் துணை.

ஆறு எஞ்சின் நம்பரையும் சிஸ்டத்தில் போட்டால், ஆறும் காலை ஷிஃப்டில், நாலாம் ஸ்டேஷனில் பூட்டப்பட்டவை என்று வந்தது. நாலாம் ஸ்டேஷன் என்பது ராடின் மூடியை கிராங்கில் வைத்து முறுக்குகிற இடம். காலை ஷிஃப்டில் அங்கே நிற்பவர் மும்தாஜ். செங்கல்பட்டு மார்க்கெட் பக்கத்துக்காரர். ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவர். நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலை அந்த மாதம்தான் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதில் மூன்றாவது பெயர் அவருடையது.

2. டேட்டா இல்லாத இடம்

குவாலிட்டி தலைவர் ராகவன் கூட்டம் போட்டார். கெட்டவர் இல்லை. குரலே உயராது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் பதினைந்து நாளில் இருந்தது. அதற்குள் இந்த ஆறு புகாரையும் மூடியாக வேண்டும்.

அவர் வாதம் சுத்தமாக இருந்தது. டிசைன் மாடலை சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பேரிங்குக்கு எண்ணெய் நன்றாகவே போகிறது. வார்ப்பு, பேரிங் எல்லாம் அளந்தாகிவிட்டது, சரி. நாலாம் ஸ்டேஷன் டார்க் கருவி ஒவ்வொரு போல்ட்டின் முறுக்கையும் தானே சிஸ்டத்துக்கு அனுப்பிவிடும்; அதுவும் பச்சை. மிச்சம் என்ன? பேரிங் ஷெல்லை உட்காரவைப்பதற்கு முன்னால் அதில் எண்ணெய் தடவ வேண்டும். மும்தாஜ் அதைத் தடவினாரா என்று எந்த சென்சாரும் பார்ப்பதில்லை. ஆக, தடவவில்லை.

நான் அப்போது வாய் திறக்கவில்லை. ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றே தோன்றியது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தனை இடத்தில் டேட்டா இருந்தது. இல்லாத ஒரே இடம் மும்தாஜின் கை. பழி நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

மும்தாஜைக் கூப்பிட்டார்கள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ராகவன் சொன்னார்: "நான் உங்கள குத்தம் சொல்லலம்மா. எண்ணெய் போட மறந்திருக்கலாம்னு மட்டும் எழுதிக் குடுங்க. ஹியூமன் தானே."

"மறந்தா ஒண்ணு மறப்பேன் சார். ஆறு மறப்பனா?"

"அப்படி இல்ல, ப்ராசஸ்ல..."

"ஷிஃப்ட் முடிஞ்சி கை கழுவுனா தெனம் சோப்பு பாதியாப் பூடுது. அந்த எண்ணெ எங்கேர்ந்து வந்துச்சி சார்? வூட்ல இருந்து தடவிகினு வந்தனா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு நான் பூட்டுன எஞ்சின் லைன்ல நிக்குது. எது வேணாலும் நீங்களே கைய காட்டுங்க. பிரிச்சிப் பாக்கலாம்," என்றார்.

பிரிக்க யாருக்கும் நேரமில்லை. விளக்கக் கடிதத்துக்கான தாளை நீட்டினார்கள். அவர் நின்றபடியே பைல் மேல் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டார். தாளில் இரண்டே சொல், கீழே ஒரு பெயர்.

எண்ணெய் போட்டேன்.
மும்தாஜ்.

அவரை நாலாம் ஸ்டேஷனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். பட்டியல் பற்றிக் கேட்டதற்கு, "ரெக்கார்டு க்ளோஸ் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். அந்த ரெக்கார்டை மூட வேண்டியது என் கை. ஸ்கிரீனில் காரணம் என்ற கட்டத்தைத் தொட்டால் நாலு வரி விரியும்: டிசைன் தவறு, சப்ளையர் தவறு, வாடிக்கையாளர் தவறான உபயோகம், ஆபரேட்டர் தவறு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமுக்கினால் முடிந்தது.

மவுஸ் நாலாவது வரி மேல் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது, அந்த வரியை டைப் செய்தவனே நான்தான். சிஸ்டம் வந்த புதிதில், பழைய காகித ஃபாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு வரியையும் யோசிக்காமல் ஏற்றினேன். அதன்பின் எத்தனை பேர் அந்த வரியில் விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அமுக்கவில்லை. ராகவனிடம் போய், மூட மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். ஆறு எஞ்சின் எங்கே செத்தது என்று நமக்குத் தெரியுமா, டீலர் பெயர்தானே தெரியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏழுமலை, நீங்க நல்ல ஃபிட்டர். கிளிக் பண்ணக் கத்துக்கிட்டீங்க, சந்தோஷம். இன்ஜினியரிங் நாங்க பண்றோம்."

டைரியில் இதையும் எழுதிவைத்திருக்கிறேன். தேதி போட்டு.

3. கரையேறும்போது

ஆறும் போனது மாமல்லபுரம் பக்கத்து டீலர் ஒருவருக்கு. அவர் அனுப்பிய சர்வீஸ் ஃபாரத்தில் எஞ்சின் சாய்ந்த நிலையில் ஓடியதா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆறிலும் இல்லை என்று டிக். கடையில் கேட்டேன். கடைப் பையன்களை அனுப்பி யாரையும் விசாரித்ததில்லையாம். ஃபாரம் காலியாக இருந்தால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும் என்று மொத்தமாக இவரே டிக் போட்டுவிடுவாராம். ரொம்ப நேர்மையாகச் சொன்னார்.

விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் போனேன். என் வீடு திருக்கழுக்குன்றம். அங்கிருந்து கடல் அரை மணி தூரம்தான். ஆனால் இருபத்தாறு வருஷம் கடல் எஞ்சின் செய்தவன், அது கடலில் ஓடி ஒருநாள் பார்த்ததில்லை.

ஆறு எஞ்சினில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் தேசப்பன். வலை பிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் தலையே தூக்கவில்லை.

"வா நைனா. எஞ்சின் செத்து, கருமாதி முடிஞ்சி, இப்பதான் டாக்டர் வர்றாரு," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

திட்டி முடிக்கட்டும் என்று மணலில் உட்கார்ந்துகொண்டேன். நன்றாகவே திட்டினார். பாதியைத்தான் எழுத முடியும். எண்ணெய் சரியாக ஊற்றினீர்களா, அதிக வேகத்தில் ஓட்டினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: எல்லாரும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டினேன். வித்தியாசமாக ஏதாவது? ஒன்றுமில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. தினமும் செய்வதை யார் வித்தியாசம் என்று நினைப்பார்கள்?

அவர் தம்பியின் படகில் எங்கள் கம்பெனி எஞ்சினே இருந்தது. அதில் ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று கேட்டேன். தேசப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாஸ்தா துன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப மீனுக்கு ஆச்சி," என்றார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அதை விவரிக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்பே, கிளம்பும்போதே, என் பழைய போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, சைக்கிள் ட்யூப் துண்டால் எஞ்சின் மேல் இறுக்கிக் கட்டியிருந்தேன். சாய்மானக் கோணத்தை நொடிக்கு நொடி பதிவு செய்கிற ஆப் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

கடலுக்குள் இருந்தவரை ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, அலை உடைகிற இடத்தில்தான் பார்த்தேன். தேசப்பன் கைப்பிடியை ஒரே அமுக்காக அமுக்கினார். பின்னால் தண்டு தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. முன்னால் எஞ்சின் மூக்குக் குப்புறக் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. விசிறி காற்றில் அலறியது. கொஞ்சம் இறக்கி ஒரு தள்ளு, மறுபடி தூக்கல், மறுபடி அலறல். மூன்றாவது அலையில் படகு மணலில் ஏறி நின்றது.

இறங்கியதும், தூக்கும்போது ஏன் எஞ்சினை அணைப்பதில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அணைச்சா அடுத்த அலையில படகு குறுக்கால திரும்பிக்கும். திரும்பிச்சின்னா படகு மேல, நாம கீழ. எறக்கியே வச்சா விசிறி மண்ணுல குத்தி ஒடையும். அதான் தூக்கி, ஓட வச்சிகினே வர்றது. ஒங்க எஞ்சினுக்கு இது தெரியாதா?"

தெரியாது. அதுதான் விஷயமே. எங்கள் எஞ்சின் பிறந்ததிலிருந்து சமதளத்தில் போல்ட் போட்ட டெஸ்ட் பெஞ்ச் மேல்தான் ஓடியிருக்கிறது. அதன் கணினி இரட்டைக்கும் நாங்கள் அதையே சொல்லிக்கொடுத்திருந்தோம்.

4. சிவந்த பேரிங்

எங்கள் சிமுலேஷனைச் செய்பவள் நிவேதா. கேளம்பாக்கத்தில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறாள். திங்கள் காலை, போனில் இருந்த கோணங்களை அவளிடம் கொடுத்தேன். கிராஃபைப் பார்த்ததும், "சார், போன் கீழ விழுந்துடுச்சா?" என்றாள். இல்லை, அப்படித்தான் கரையேறுகிறார்கள் என்றேன். கிராஃபை முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எவ்வளவு சாயும்னு நான் மெயில்ல கேட்டேன் சார். பெஞ்ச் ரிப்போர்ட்டை அனுப்பினாங்க. என் பால்கனியில இருந்து கடல் தெரியுது. போய்ப் பாத்திருக்கலாம்."

மாடலில் என் கோணத்தைப் போட்டு ஓட்டினாள். மூக்கு கவிழ்ந்ததும் எண்ணெயெல்லாம் முன்பக்கம் ஓடிவிட்டது. உறிஞ்சு குழாயின் வாய் பின்பக்கம் இருந்தது. எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்தது. எஞ்சினோ முழு வேகத்தில். ஒரு தடவை ஒன்றும் ஆகாது. தினம் தினம் கரையேறுவதைப் போலத் திரும்பத் திரும்ப ஓட்டியபோது, ஸ்கிரீனில் பெரிய பக்கத்து பேரிங் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்தது. ஆறு எஞ்சினிலும் நாங்கள் கையில் எடுத்துப் பார்த்த அதே இடம்.

ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. அப்படியானால் ஆறும் ஏன் மும்தாஜின் எஞ்சின்? டிஸ்பாட்ச் பதிவைத் திறந்தேன். கடற்கரை டீலரின் வண்டி மதியம் வரும். காலை ஷிஃப்டில் பூட்டியதை அப்படியே ஏற்றிப்போகும். மதிய ஷிஃப்ட் எஞ்சின்கள் மாலை லாரியில் காயல் பக்கம் போகும். அங்கே அலை கிடையாது. படகைத் துறையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார்கள். பெண்களுக்குக் காலை ஷிஃப்ட் மட்டும்தான் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அதனால் மும்தாஜ் பூட்டியதெல்லாம் கடலுக்கே போனது. சிஸ்டம் பொய் சொல்லவில்லை. ஆறும் அவர் கை பட்டதுதான். அதை வைத்து நாங்கள் படித்த கதைதான் பொய்.

5. மூன்றாவது வரியும் வேண்டாம்

ராகவன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். சிவந்த படத்தை இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். கடைசியில் சொன்னார்: "நல்லது. அப்ப ஆபரேட்டர் இல்ல. வாடிக்கையாளர் தவறான உபயோகம். மூடிடுங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வரியிலிருந்து ஆளைத் தூக்கி, அதற்கு மேல் வரியில் இன்னொரு ஆளைப் போடுகிறார்.

நான் உட்கார்ந்திருந்தேன், எழுந்துகொண்டேன். மும்தாஜ் ஏன் அன்று உட்காரவில்லை என்று அப்போது புரிந்தது. "சார், ஒருத்தர் பண்ணா தவறான உபயோகம். கரை முழுக்க அப்படித்தான் பண்றாங்க. பண்ணலைன்னா ஆள் செத்துடும். அதுக்குப் பேரு உபயோகம்," என்றேன். டிசைன் தவறு என்று போட்டால்தான் மூடுவேன் என்றும் சொன்னேன்.

"ஆடிட்ல டிசைன் தப்புன்னு காட்டச் சொல்றீங்களா?"

"இருக்கிறதக் காட்டச் சொல்றேன்."

மறுநாள் என்னை ஸ்டோர்ஸில் சரக்கு சரிபார்க்க அனுப்பினார்கள். என் லாகினை நிறுத்தினார்கள். ஒன்பது நாள் நட்டும் வாஷரும் எண்ணினேன். மும்தாஜ் பக்கத்து ஷெட்டில் பேக்கிங்கில் இருந்தார். டீ வாங்கப் போகும்போது என்னைப் பார்த்து, "இன்னாண்ணே, உங்களையும் எண்ணெ போட்டியான்னு கேட்டாங்களா?" என்றார். அந்த ஒன்பது நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

என் இடத்தில் வேறு யாரையாவது உட்காரவைத்து மூடியிருக்கலாம். முயன்றார்கள். ஆனால் சிமுலேஷன் முடிவு ரெக்கார்டில் ஏறிவிட்டது; அதில் கையெழுத்து நிவேதாவுடையது. மாற்றிக்கொடு என்று கேட்டதற்கு, கோணம் பொய் என்று யாராவது எழுத்தில் கொடுத்தால் மாற்றுகிறேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். யாரும் கொடுக்கவில்லை. அதற்கு யாராவது படகில் ஏறவேண்டியிருக்குமே.

ஆடிட்டுக்கு வந்தவர் திறந்து கிடந்த அந்த ரெக்கார்டைத்தான் முதலில் எடுத்தார். முழுக்கப் படித்தார். டிசைனை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே என் லாகின் திரும்பி வந்தது. டிசைன் தவறு என்று நானே அமுக்கி மூடினேன்.

எண்ணெய்த் தொட்டியை ஆழமாக்கி, உறிஞ்சு குழாயின் வாயை நடுவுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் முன்னால் ஓடாமல் ஒரு தடுப்புத் தகடு வைத்தோம். முதல் புது எஞ்சின் தேசப்பன் படகில்தான் ஏறியது. நானும் நிவேதாவும் போயிருந்தோம். அவள் நாஸ்தா சாப்பிடாமல் வந்திருந்தாள்; நான் சொல்லிவைத்திருந்தேன். இப்போது எங்கள் மாடலில் கரையேறுதல் என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறாத எஞ்சினை வெளியே விடுவதில்லை.

மும்தாஜ் நாலாம் ஸ்டேஷனுக்குத் திரும்பினார். பட்டியலில் பெயர் அப்படியே நின்று, நிரந்தரமும் ஆனார். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிய முதல் நாள் அவர் டார்க் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எண்ணெய்க் குப்பியைத் தூக்கி ராகவனின் கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை ஆட்டிக் காட்டினார். லைனே பார்த்தது.

6. இளையவர்களுக்கு

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, மாடலை நம்புங்கள். நானும் நம்புகிறேன், கடைசியில் மும்தாஜைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் அதில் டேட்டா இல்லாத இடங்கள் எவை என்று முதலில் எழுதிவையுங்கள். எங்கள் மாடலில் அப்படி இரண்டு இடம் இருந்தது. ஒன்று மும்தாஜின் கை, இன்னொன்று கடல். கை பக்கத்தில் இருந்தது, கான்ட்ராக்டிலும் இருந்தது. அதனால் அதைப் பிடித்தோம். கடலைப் போய்ப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

லாகின் கிடைத்த அன்று இன்னொரு காரியமும் செய்தேன். நான் ஏற்றிய நாலாவது வரியை நானே அழித்தேன். ஆபரேட்டர் மேல் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் இனி ஒரே சொடுக்கில் முடியாது. என்ன பார்த்தோம், எப்படி அளந்தோம் என்று உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லி மூன்று முறை மெயில் வந்திருக்கிறது. மூன்றுக்கும் முடியாது என்று பதில் போட்டிருக்கிறேன். நாலாவது வந்தாலும் அதே பதில்தான்.

அந்த ஆறு எஞ்சின்களில் எந்த நம்பரை வேண்டுமானாலும் போட்டுத் திறந்து பாருங்கள். கோண கிராஃப், சிவந்த பேரிங், புது டிசைன் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் இணைப்பாக, ஸ்கேன் செய்த ஒரு தாளைச் சேர்த்திருக்கிறேன். மூடிய ரெக்கார்டிலிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாது, எங்கள் எம்.டி.யாலும் முடியாது. ஓரத்தில் விரல் பட்ட கறை ஒன்று தெரியும். அது எண்ணெய்தான். நடுவில் அவர் எழுதியது இருக்கும்:

எண்ணெய் போட்டேன்.
மும்தாஜ்.